கந்தோர் முற்றத்துக் கூழ்

கிறிஸ்தவர்களின் நத்தார்ப் பண்டிகைக்காக நீதிமன்றக் கோடு பூட்டி, நீதவான் கொழும்பு ரெயிலில் ஏறிய பிறகுதான் பரமலிங்கம், வின்சன்ற் என்ற வழக்குப் பேசும் இரண்டு பிறக்கிராசிமாரின் கந்தோரில் சனம் கூடும். "கோடு பூட்டினால் கந்தோர் திறக்கும்" என்று பட்டினத்தில் ஒரு பகிடியே இருந்தது. மற்றப் பிறக்கிராசிமார் வழக்குக் கட்டுகளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிக்கொண்டு ஊர் போய்விடுவார்கள். இவர்கள் இருவரும் மேசைகளைச் சுவரோரம் தள்ளி, நீண்ட விறாந்தையைக் கழுவிவிடுவார்கள். மார்கழி மழைக்கு, மீனவர் வாழும் குருநகர்க் கரையில் குடிசைகள் மிதக்கிற காலம் அது. கரைச் சனம் நாலைந்து நாள் பாய் விரிக்க ஓட்டுக் கூரையும், குடிக்கக் கஞ்சியும் அந்தக் கந்தோரில் உண்டு. பரமலிங்கத்தார் தம் ஊரான சண்டிலிப்பாயிலிருந்து அரிசியும் பூசணிக்காயும் வண்டிலில் ஏற்றிவிடுவார். குருநகரிலேயே பிறந்து வளர்ந்த வின்சன்ற் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு போய்ச் சனத்தைக் கூட்டிவருவார்.

யசிந்தாவுக்கு அந்த வருசம் அங்கே போக மனமில்லை. சில மாதங்களுக்கு முன்னர் அழுதுகொண்டு அந்தப் படியேறித்தான் அவள் தன் புருசன் கனிசியஸ் மேல் வழக்குப் போட்டிருந்தாள். வின்சன்ற்தான் அவளுக்காகப் பேசினார். ஆறு வயது மகள் ஸ்ரெல்லா தாயோடு இருக்கவேண்டும், தகப்பன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடியக் கோயில் வளவில் பிள்ளையைப் பார்க்கலாம் என்று கட்டளை கிடைத்தது. தைமாதம் மறுதவணை.

கனிசியஸ் குடிகாரன் அல்ல. கை நீட்டுகிறவனும் அல்ல. அவர்களுக்கு மூத்தது ஒரு பொடியன் இருந்தான், சவிரி என்று. போன வருசம் புரட்டாதியில், கனிசியஸ் கரைவலைத் தொழிலுக்கு முல்லைத்தீவுக்குப் போய் மீனவர் தங்கும் வாடியில் இருந்த சமயம், சவிரிக்கு நெருப்புக் காய்ச்சல் கண்டது. ஆள் அனுப்பினார்கள். ஆள் போய்ச் சேர்ந்து, கனிசியஸ் வந்து சேர்வதற்குள் பொடியனைச் சேமக்காலையில் அடக்கம் செய்தாயிற்று. சேறும் புழுதியுமாக வீட்டுப் படலைக்குள் கால் வைத்தவனைப் பார்த்து, அயல் சனம் கூடியிருக்க, யசிந்தா சொன்னாள்:

"இப்ப ஆரைப் பாக்க வந்தது? அவன் சேமக்காலையிலை கிடக்கிறான். அங்கை போய்ப் பாக்கிறது!"

வைத்த காலை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனவன்தான். இரண்டு ஒழுங்கை தள்ளி இருந்த தாய் செபஸ்தியம்மாவின் வீட்டில் தங்கிவிட்டான். பிடித்த மீனில் பங்கு மட்டும் தவறாமல் படலையடிக்கு வந்தது. பிறகு ஒரு திருநாளில், கோயிலடியில் நின்ற ஸ்ரெல்லாவைத் தோளில் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்குப் போனவன், அவளைத் திருப்பி அனுப்பவில்லை. "ஒண்டைக் கைவிட்டிட்டன். இதை விடமாட்டன்" என்றானாம். அதன் பிறகுதான் யசிந்தா கந்தோர்ப் படி ஏறினாள்.

அந்த மார்கழியில் வாடைக்காற்று கிழமைக்கணக்காக ஓயாமல் வீசியது. ஒருநாள் விடிந்தபோது கடல் ஒழுங்கைக்குள் நின்றது. யசிந்தா கூலிக்குப் பின்னிக்கொடுக்கிற வலைகளைக் கூரை வளையில் தூக்கிக் கட்டிக்கொண்டிருந்தாள். சுவர் ஈரத்தில் ஊறிப் பொதுமிப் போயிருந்தது. அடுப்பு கரைந்துவிட்டது. ஸ்ரெல்லா உரலின் மேல் ஏறிக் குந்திக்கொண்டு, மிதந்து போகிற சிரட்டைகளைப் பார்த்துச் சிரித்தாள்.

"பிள்ளை யசிந்தா! கெதியா வா!"

படலையடியில் வள்ளம் ஒன்று நின்றது. நனைந்த தொப்பியோடு வின்சன்ற் அதில் இருந்தார். பக்கத்தில் பாயால் மூடிச் சுருண்டபடி மாமி செபஸ்தியம்மா. இடுப்பளவு தண்ணீரில் நின்று வள்ளத்தைப் பிடித்திருந்தவன் கனிசியஸ். அவன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இது ஆரின்ரை வள்ளம் ஐயா?" என்றாள் யசிந்தா, தெரிந்துகொண்டே.

"தண்ணிக்குள்ளை நிண்டுகொண்டு கேக்கிற கேள்வியே இது? வள்ளம் வள்ளந்தான். ஏறு, பேந்து கதைப்பம்."

"அப்பு!" என்று ஸ்ரெல்லா கைகளை நீட்டிவிட்டாள். கனிசியஸ் யசிந்தாவின் முகத்தைப் பார்த்தான். அவள் விலகி வழிவிட்டது கண்டு, பிள்ளையைத் தூக்கி வள்ளத்தில் இருத்தினான். தூக்கின கையை எடுக்க அவனுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

கந்தோர்ப் படியில் தாயைச் சுமந்து வந்து இறக்கிவிட்டு, அவன் மழைக்குள்ளேயே நின்றான்.

"உள்ளை வா கனிசியஸ்" என்றார் வின்சன்ற்.

"எனக்கெதிரா வழக்குப் பேசின இடத்துக்குள்ளை நான் வரேல்லை ஐயா. ஆத்தைக்குக் காய்ச்சல். அவவை மட்டும் பாருங்கோ."

"கோடு பூட்டியாச்சடா. இண்டைக்கு இதுக்குள்ளை வழக்காளியும் இல்லை, எதிரியும் இல்லை."

"கோடு பூட்டினாலும் கட்டளை கட்டளைதானே ஐயா" என்றுவிட்டு, அவன் வள்ளத்தைத் திருப்பினான். அன்று முழுவதும் ஒழுங்கை ஒழுங்கையாகப் போய்க் கிழடு கட்டைகளை ஏற்றி வந்து படியில் விட்டான். பொழுது சாய்ந்த பிறகு கந்தோர் மதிலுக்கு வெளியே, புளியமரத்தின் கீழிருந்த வண்டில் கொட்டிலில் ஒதுங்கினான்.

விறாந்தையில் இருபது குடும்பத்துக்கு மேல் இருந்தன. சட்டப் புத்தக அலுமாரிகளுக்கு நடுவே கயிறு கட்டி ஈரச்சீலைகளைக் காயப்போட்டிருந்தார்கள். குழந்தைகள் சாட்சிகள் இருக்கிற வாங்குப் பலகையில் ஏறிக் குதித்தார்கள். பரமலிங்கத்தாருக்கு அது திருவெம்பாவைக் காலம். விடிய முழுகித் திருநீறு பூசி, ஒருநேரச் சாப்பாட்டோடு இருக்கிற நியமம். கரைச் சனத்துக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது என்று வின்சன்ற் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்: "மச்ச வாசத்தாலை என்ரை விரதம் முறியாது வின்சன்ற். அடுப்பு மட்டும் ரண்டாயிருக்கட்டும்."

அப்படித்தான் பின்வளவுக் கொட்டிலில் இரண்டு அடுப்பு மூண்டது. ஒன்றில் பரமலிங்கத்தாரின் மனைவி இரத்தினம்மா கஞ்சி காய்ச்சினார். மற்றதில் யசிந்தா நின்றாள். இரத்தினம்மா கரைப் பெண்களோடு ஒரே கொட்டிலுக்குள் நின்று சமைத்தது அதுவே முதல் தடவை. தண்ணீர்ச் செம்பைத் தன் பக்கத்திலேயே மூடி வைத்திருந்தார். யசிந்தாவும் அதைக் கண்டு, தன் அகப்பை அந்தப் பக்கம் படாமல் பார்த்துக்கொண்டாள். இரண்டு பேரும் முதல் நாள் முழுக்க விறகைப் பற்றி மட்டுமே கதைத்தார்கள். விறகு இரண்டு அடுப்புக்கும் ஒன்றுதானே.

மாமிக்குக் காய்ச்சல் ஏறியது. யசிந்தா கஞ்சித் தெளிவை வடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வருசமாக முகம் பாராத கிழவி, கையைப் பிடித்து, "எனக்கு ஊத்திறியோடி பிள்ளை?" என்று கேட்டாள். "வாயைத் திறவுங்கோ மாமி" என்றாள் யசிந்தா.

ஒவ்வொரு காலையும் வாசற்படியில் ஒரு ஓலைப் பறி நிறைய இறாலும் நண்டும் இருந்தன. வைத்தவரைக் கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை. யசிந்தா கேட்கவுமில்லை. பறியின் வாயைக் கட்டின முடிச்சே அவளுக்குப் போதும். இந்தக் காற்றில், மீனுக்குக் கடலில் கம்பு நட்டு அடைத்த களங்கட்டிக்குள் கழுத்தளவு தண்ணீரில் இறங்க வேறு யாருக்கு விசர்?

நத்தாருக்கு முந்திய நாள் மழை விட்டது. வெளுத்த வெயில் ஒன்று அடித்தது. "இண்டைக்குக் கூழ் காய்ச்சு யசிந்தா" என்று பெண்கள் கேட்டார்கள். பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மாவை ஊறவைத்தாள். பயித்தங்காய், மரவள்ளி, பலாக்கொட்டை, முருங்கையிலை எல்லாம் இரத்தினம்மாவின் வண்டிலில் வந்திருந்தன. நண்டை உடைத்து, இறாலைக் கோது நீக்கிப் போட்டு, ஒடியல் மாவைக் கரைத்து ஊற்றியபோது வாசம் மதில் தாண்டிப் போனது. செத்தல் மிளகாய் அரைக்க ஆள் இல்லை. யசிந்தா கைகழுவித் திரும்பிப் பார்த்தால், இரத்தினம்மா சீலைத் தலைப்பால் மூக்கை இறுகக் கட்டிக்கொண்டு அம்மிக்கு முன்னால் இருந்தார்.

"ஐயோ அம்மா, நீங்களோ!"

"அரைக்கிறது மிளகாய்தானே பிள்ளை, மீனில்லையே. நீ கிண்டு, அடிப்பிடிக்கப் போகுது." கொஞ்சம் அரைத்துவிட்டு, சீலைத் துணிக்குள்ளால் கேட்டார்: "வெளியிலை கொட்டிலுக்கை இருக்கிறவர் உன்ரை மனிசனோ?"

"ஓம் அம்மா."

"நாலு நாளாப் பாக்கிறன். இஞ்சை காய்ச்சிறதிலை அந்தாள் ஒரு வாய் தொட்டதில்லை. நான் கஞ்சி குடுத்துவிட்டன். பிள்ளையளுக்குக் குடுங்கோ எண்டு திருப்பி அனுப்பிப்போட்டார்."

யசிந்தா கூழைக் கிண்டிக்கொண்டே இருந்தாள். சனமெல்லாம் வந்து பனையோலைப் பிளாவில் வாங்கிக்கொண்டு போனது. வின்சன்ற் இரண்டு தரம் வந்தார். கடைசியில் பானையில் கொஞ்சம் மிஞ்சியது. ஸ்ரெல்லாவிடம் கொடுத்து அனுப்பத்தான் நினைத்தாள். பிள்ளை ஓடிவந்து கையை நீட்டியபோது, "நீ இந்த அம்மாவோடை நில்லு" என்று சொல்லிவிட்டு, பிளாவைத் தானே எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

கனிசியஸ் வள்ளத்தைக் கவிழ்த்துப்போட்டு, பொருத்துக்களில் பஞ்சு அடைத்துக்கொண்டிருந்தான். கால்விரல் இடுக்கெல்லாம் சேற்றுப்புண்.

"கூழ்" என்றாள்.

"அதிலை வை."

"ஆறினால் உறைஞ்சு போம். குடிக்கிறது."

அவன் கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினான். ஒரு மிடறு குடித்தான்.

"புளி காணாது."

அவளுக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "பிள்ளையளுக்கெண்டு காய்ச்சினது. உங்கடை வாய்க்கு ஏத்தமாதிரிக் கந்தோரிலை காய்ச்சேலுமோ?"

அவன் நண்டுக்காலை உறிஞ்சிவிட்டு மெல்லச் சொன்னான்: "நத்தார் முடிய ஆத்தையையும் கூட்டிக்கொண்டு முல்லைத்தீவுக்குப் போறன். அங்கையே இருந்திடுவம் எண்டு யோசிச்சிருக்கிறன். நீ இனி முதற்பூசைக்கு ஓடத் தேவையில்லை."

யசிந்தாவுக்கு முகம் சுட்டது. தகப்பனும் பிள்ளையும் சந்திக்கக்கூடாதென்றுதான் அவள் ஒவ்வொரு ஞாயிறும் விடியமுதல் ஸ்ரெல்லாவை எழுப்பி முதற்பூசைக்கு இழுத்துக்கொண்டு போய் வந்தாள்.

"தெரியுமோ?"

"தெரியாமல்? ரண்டாம் பூசை முடியக் மாதா கெபியடியிலை நிண்டு பாப்பன். சனமெல்லாம் போன பிறகும் நிண்டு பாப்பன்."

"அப்ப ஏன் பிறக்கிராசியாரிட்டைச் சொல்லேல்லை? கட்டளை இருக்குத்தானே?"

"சொல்லி? உன்னைக் கோட்டிலை கூப்பிட்டு நாலு பேருக்கு முன்னாலை ஏசுவிக்கவோ?"

அவள் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்துவிட்டாள். புளியமரத்திலிருந்து பழைய மழை சொட்டியது. அவன் பிளாவைக் கீழே வைத்தான்.

"மெய்யே, ஒண்டு கேக்கிறன். சொன்னாச் சொல்லு, சொல்லாட்டி விடு. அவன்... கடைசியா ஏதும் கேட்டவனோ?"

சவிரியின் கடைசிப் பேச்சு, ஒரு வருசத்துக்கு மேலாக யசிந்தா ஒருவருக்கும் சொல்லாதது. சுவாமியாருக்குக்கூடச் சொல்லவில்லை. இவனுக்குச் சொல்லக்கூடாது என்று பிடித்துவைத்திருந்தாள்.

"உங்களைத்தான்" என்றாள்.

அவன் அவள் பக்கம் திரும்பி இருந்தான்.

"காய்ச்சல் தலைக்கேறிப்போச்சு. பாயிலை கிடக்கிறது தெரியேல்லை அவனுக்கு. வள்ளத்திலை போறமாதிரித்தான் கதைச்சவன். என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, அப்பு, மரக்கோலை மெல்லத் தாங்குங்கோ, மீன் கலையப்போகுது எண்டான். அது அப்பு இல்லையடா ராசா, அம்மா எண்டு சொன்னன். அவனுக்குக் கேக்கேல்லை. திருப்பித் திருப்பி அப்பு, அப்பு எண்டான். பயந்த மாதிரி இருந்துது. அதுக்குப் பிறகு..." அவள் அவனுடைய முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "அதுக்குப் பிறகு நான், ஓம் ராசா, அப்புதான், மெல்லத் தாங்கிறன் எண்டு சொன்னனான். அப்பதான் அவன் அடங்கினவன். சிரிச்ச முகமாத்தான் போனவன்."

கனிசியஸ் சால்வையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை.

"பெத்தது நான். ராப்பகலா இருந்து துடைச்சு விட்டது நான். கடைசிக்கு அவன் என்னைக் கூப்பிடேல்லை. அந்த எரிச்சல்தான் அண்டைக்குப் படலையிலை வைச்சு அப்பிடிச் சொல்லுவிச்சது. உங்களிலை கோவம் இல்லை." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "உங்களிலையும் கோவந்தான்."

"ஆள் வந்து சொன்ன கையோடை வெளிக்கிட்டனான்" என்றான் அவன் சால்வைக்குள்ளிருந்து. "வண்டில் சேத்துக்குள்ளை புதைஞ்சுபோச்சு. அதை விட்டிட்டு ஓடினனான். ஓடவும் நடக்கவுமாத்தான் வந்தனான் யசிந்தா."

"தெரியும். உங்கடை காலைக் கண்டனான் அண்டைக்கு. கண்டும்தான் சொன்னனான்."

பட்டினத்துக் கோயில்களில் ஒன்றிலிருந்து மணி கேட்டது. அவன் சால்வையை எடுத்தபோது கண் சிவந்திருந்தது. பிளாவைத் தூக்கி, ஆறி உறைந்த கூழை வழித்து வழித்து முழுவதையும் குடித்தான். அவள் வெறும் பிளாவை வாங்கிக்கொண்டு எழும்பினாள்.

"உள்ளை வந்து கால்புண்ணுக்கு எண்ணெய் பூசிறது. மாமி கேட்டுக்கொண்டு கிடக்கிறா" என்றாள்.

அவன் வந்தான். விறாந்தைப் படியில் அவனைக் கண்ட வின்சன்ற் ஏதோ சொல்ல வாயெடுத்தார். உள்ளேயிருந்து பரமலிங்கத்தார் அவருடைய கோட்டு நுனியைப் பிடித்து இழுத்துவிட்டார்.

நத்தார்ப் பூசை முடிந்து சனம் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்க, கனிசியஸும் யசிந்தாவும் பிள்ளையும் சேமக்காலைப் பக்கம் நடந்தார்கள். அந்த ஒரு வருசத்தில் அவரவர் தனித்தனியாகப் போயிருக்கிறார்களே தவிர, சேர்ந்து போனதில்லை. மழைக்குச் சவிரியின் குழிமேடு அமர்ந்து போயிருந்தது. மரக்குருசு சரிந்து கிடந்தது.

"இது ஆர் நட்டது?" என்று கனிசியஸ் கேட்டான்.

"நான்தான்."

"ஆழம் காணாது."

"என்னாலை அவ்வளவுதான் கிண்ட முடிஞ்சுது."

அவன் முழந்தாளிட்டுக் கையாலேயே மண்ணைத் தோண்டினான். அவளும் எதிர்ப்பக்கத்தில் இருந்து தோண்டினாள். ஸ்ரெல்லா நத்தாருக்கு உடுத்த சட்டையிலே ஈரமண்ணை அள்ளி வந்து கொட்டினாள். குருசு நிமிர்ந்ததும் அதைச் சுற்றி மூன்று பேரும் காலால் மிதித்து இறுக்கினார்கள்.

"அண்ணைக்கு நோகாதோ அப்பு?" என்றாள் பிள்ளை.

"நோகாது ராசாத்தி. நாங்கள் வந்திருக்கிறது அவனுக்குத் தெரியும்."

தண்ணீர் வடிய இன்னும் சில நாள் எடுத்தது. குருநகரில் கூரை தப்பிய குடிசை குறைவு. பரமலிங்கத்தார் ஊரெல்லாம் சொல்லிவைத்துத் தென்னோலைக் கிடுகுக் கட்டுகளை வண்டில் வண்டிலாக இறக்கினார். இரத்தினம்மா நீர்வேலி வாழைக்குலை ஒன்றை யசிந்தாவுக்கென்றே சொல்லிக் கொடுத்துவிட்டிருந்தார்.

கோடு திறப்பதற்கு முதல்நாள், வின்சன்ற் கரையில் வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க வந்தார். யசிந்தாவின் வீட்டுக் கூரையில் கனிசியஸ் குந்தியிருந்து கிடுகு வேய்ந்துகொண்டிருந்தான். கீழே நின்று அவள் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். மாமி வாசலில் இருந்து ஸ்ரெல்லாவுக்குப் பேன் பார்த்தாள்.

"பிள்ளை, நாளைக்குக் கோடு திறக்குது. தவணையும் கிட்டுது. நான் என்ன சொல்ல?"

"மேலை இருக்கிறவரையும் ஒருக்காக் கேளுங்கோ ஐயா."

கனிசியஸ் முகட்டிலிருந்து எட்டிப் பார்த்தான். "வழக்காளியின்ரை பிறக்கிராசியார் எதிரியோடை கதைக்கலாமோ ஐயா? சட்டம் விடுமோ?"

வின்சன்ற் வாய்விட்டுச் சிரித்தார். யசிந்தாவும் சிரித்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "வழக்கு வேண்டாம் ஐயா. எடுத்துவிடுங்கோ."

"அப்ப இவன்ரை முல்லைத்தீவுப் பயணம்? கச்சான் காத்துத் தொடங்கினால் தொழிலுக்குப் போகத்தானே வேணும்? திரும்பவும் நீ இஞ்சை, அவன் அங்கையோ?"

"இல்லை ஐயா. இந்தமுறை நாங்களும் போறம், மாமியும் வாறா. வாடி எண்டாலும் பறவாயில்லை, கொட்டில் எண்டாலும் பறவாயில்லை. வலை அங்கையும் கிழியும், நான் அங்கையிருந்து பின்னுறன். இனி ஒருத்தருக்கொருத்தர் ஆள் அனுப்பிச் சொல்லுற சீவியம் எங்களுக்கு வேண்டாம்."

கூரையில் கட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்த கை நின்றது. இந்தப் பேச்சைக் கனிசியஸும் அப்போதுதான் கேட்கிறான் என்பது வின்சன்ற்றுக்கு விளங்கியது. அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "கிடுகு" என்று மட்டும் கையை நீட்டினான்.

யசிந்தாவுக்குக் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. கிடுகு எங்கே கிடக்கிறதென்று அவள் தடவிக்கொண்டிருக்க, வின்சன்ற் பிறக்கிராசியார் கோட்டைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு, தானே ஒன்றை எடுத்து மேலே நீட்டினார்.